வடக்கே பத்தடி

...இன்னும் ஐந்து நாள், இழுத்துப் பிடித்தால் ஆறு, அதற்கு மேல் போகாது, நேற்று முன்தினம் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து முட்டையைப் போட்டபோதே அகன்ற முனை தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்ததே, புது முட்டை என்றால் சோம்பேறி மாதிரி அடியில் படுத்துக் கிடக்கும், நாளாக ஆகத்தான் எழுந்து நிற்கும், மிதக்கும், பன்னிரண்டு வருஷமாக இந்த ஏரியில் காட்டுவாத்துக் கூடு எண்ணுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன... முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் சேற்றில் சப் சப் என்று ஒட்டி ஒட்டி வர, நாணலை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு பதினான்காம் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள் வாத்தம்மா. நாணல் வெட்டுகிறவர்கள் வைத்த பெயர் அது, வாத்தியாரம்மா என்பதைத்தான் மரியாதையாகச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று முதல் ஒரு வருஷம் நினைத்துப் பூரித்துப் போயிருந்தாள், பிறகுதான் அது வாத்து அம்மா என்று தெரிந்தது, தெரிந்தால் என்ன, பெயரில் என்ன குறைந்துவிட்டது. அதோ சிவப்புக் கொடி. மூங்கில் குச்சியில் ஒரு முழம் சிவப்புத் துணி, கறுப்பு மையில் பதினான்கு, கூட்டிலிருந்து சரியாக வடக்கே பத்தடி தள்ளி. இந்த முறையைக் கண்டுபிடித்ததே அவள்தான். கடல் மாதிரி நாணல் அசைகிற இடத்தில் கொடி இல்லாமல் ஒரு கூட்டை இரண்டாம் தடவை கண்டுபிடி பார்க்கலாம், வேலைக்குச் சேர வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வதே அதுதான்.

பதினோரு மணிக்குக் கூட்டம். ஏரி அலுவலக அதிகாரி இன்றைக்குத் தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடுவார், முட்டைக்காலம் மூன்று மாதமும் ஏரிக்குள் ஒரு அரிவாளும் இறங்கக் கூடாது. அறிக்கை அவளுடையது. கொடி நட்ட கூடு முப்பத்தொன்று, குஞ்சு பொரித்தது ஆறு, இப்போது தாய் உட்கார்ந்திருப்பது மூன்று, மிச்சம் இருபத்திரண்டும் காக்காய் வாய்க்குப் போனது, ஏன் போனது, நாணலை வெட்டி வெட்டிச் சந்து விடுகிறார்கள், சந்து வழியாகக் காக்காய் இறங்குகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அக்காதான் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா புருஷனும் நாணல் வெட்டுகிறவர், மூன்று மாதம் அரிவாளைக் கீழே வைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டாள், கேட்டதில் தப்பில்லை, ஆனால் வாத்து யாரிடம் போய்க் கேட்கும்? தன் நெஞ்சு இறகைத் தானே பிய்த்து மெத்தை போட்டு, இரை தேடப் போகும்போது அதே இறகால் முட்டையைப் போர்த்திவிட்டுப் போகிறதே, அதற்கு யார் பேசுவது? அத்தான் கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். சோற்றைப் பிசைந்துகொண்டே, நாங்க வெட்டுறதும் முட்டை போறதும் காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான், எங்க பக்கம் வந்து பாரு, குஞ்சு வரிசையா நீந்துது என்றார். அவள் சிரித்தாள், எந்தத் தொழில்காரன் தன் தொழிலைக் குறை சொல்வான்? கை கழுவப் போகும்போதும் ஒரு கிண்டல்... உனக்கென்னம்மா ராணி மாதிரி, தினமும் காக்காயே கூட வந்து வழியனுப்புது, உன் முதுகு உனக்கு எப்படித் தெரியும். அதற்கும் சிரித்தாள். அத்தான் பேச்சு எப்போதுமே அப்படித்தான்.

கொடியிலிருந்து தெற்கே பத்தடி நடந்து குனிந்தவள் அப்படியே நின்றாள். இறகு மெத்தை வெளியே இழுத்துப் போட்டுக் கிடந்தது. ஓட்டில் குத்தின ஓட்டை, வழிந்த மஞ்சள், ஒன்றில் கண் திறக்காத குஞ்சின் ஈரத் தலை. ஒன்பதும் போய்விட்டது. தாய் வாத்து தூரத்தில் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது, சத்தம்கூடப் போடவில்லை. ஐந்தே நாள், பாவி, ஐந்து நாள் பொறுத்திருந்தால் ஓடியிருக்குமே எல்லாம்... அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நிமிர்ந்தால் பதினான்காம் குச்சி மேலேயே ஒரு காக்காய், அலகைத் துணியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று துடைத்துக்கொண்டது. சேற்றை அள்ளி எறிந்தாள், சாவகாசமாக எழும்பி நாலு நாணல் தள்ளி உட்கார்ந்தது. இருக்கட்டும். இருபத்திமூன்று. பக்கத்தில் வெட்டின சந்து தெரியப் படம் பிடித்து நேராகக் கூட்டத்தில் வைப்போம், அத்தான் முகத்துக்கு நேராகவே வைப்போம், உறவு வேறு வேலை வேறு என்று குச்சியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வெட்டுச் சந்துக்குள் இறங்கினாள்.

சந்தில் நேற்று வெட்டின நாணல் கட்டுகள் அடுக்கியிருந்தன, அடித்தண்டு இன்னும் பச்சை. கட்டுகளை ஒட்டி, வெட்டாமல் விட்ட ஒரு நாணல் புதர்... ஏன் இதை மட்டும் விட்டார்கள், சுற்றிலும் ஒட்ட வெட்டியிருக்கிறார்களே? விலக்கினாள். கூடு. உள்ளே ஓட்டு மூடிகள், ஒழுங்காக வட்டமாகத் திறந்தவை, தோல் மாதிரி உரிந்த உள்சவ்வு, மஞ்சள் ஒரு சொட்டு இல்லை. காக்காய் தின்ற கூடு இப்படி இருக்காது, குஞ்சு தானே உடைத்து வெளியே வந்தால்தான் இப்படி. எண்ணினாள், பதினொன்று. பதினொன்றும் பொரித்து, மறுநாளே தாய் பின்னால் தண்ணீருக்கு இறங்கியிருக்கிறது. இந்தக் கூடு எப்படிக் கணக்கில் வராமல் போனது, கொடி எங்கே, எண் எங்கே என்று தேடும்போதுதான் ஞாபகம் வந்தது... மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், துணி தீர்ந்துபோன நாள், பார்த்தாள், நாளைக்குக் கொடி நடலாம் என்று போனாள், மறந்தாள். இவள் ஒருதரம் எட்டிப் பார்த்ததோடு சரி, கொடி இல்லாததால் திரும்பி வரவே இல்லை. அரிவாள் தினமும் வந்தது, ஆள் வந்தது, சத்தம் வந்தது, கூடு பிழைத்தது. சரி, ஒன்று பிழைப்பது அதிசயமா, காக்காய் உட்காரப் பனம்பழம்... அப்படியானால் பொரித்த அந்த ஆறு? எண் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழிலிருந்து ஒன்றுகூட இல்லை. முதல் ஆறு பொரிக்கும்வரை காக்காய்க்குக் கொடி தெரியாது, பிறகு பழகிக்கொண்டது, சிவப்பு ஆடினால் தெற்கே பத்தடி. கடவுளே, எத்தனை ஒழுங்காக நட்டாள். ஒரு குச்சி கிழக்கே, ஒரு குச்சி இருபதடி என்று மாற்றி வைத்திருந்தால்கூட அதற்குக் குழம்பியிருக்கும், இவள்தான் முறை முறை என்று அளந்து அளந்து நட்டாளே, பாடம் சொல்லிக்கொடுத்த மாதிரி. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள், இங்கே வேலி எண் போட்டுக்கொண்டு மேய்ந்திருக்கிறது.

கட்டு மேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். தெரியாததைத் தெரியாது என்றும் தப்பைத் தப்பு என்றும் சொல்ல அவள் என்றைக்குத் தயங்கினாள்.

"சார், உத்தரவுல கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"பதினோரு மணிக்குத்தானேம்மா. எல்லாரும் வந்தாச்சு, உங்க அத்தான்கூட முன் வரிசையில உட்கார்ந்திருக்கார். ஏன்?"

"போடாதீங்க. முட்டைய தொலைச்சது அவங்க இல்ல. நான்தான்."

 அவர், நேரில் வந்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றார், குரலில் கோபமா குழப்பமா தெரியவில்லை. சொல்வாள், அத்தான் கண்ணைப் பார்த்தே சொல்வாள், அந்தப் புதரை வெட்டாமல் விட்டது யார் கை என்றும் கேட்பாள். அதற்கு முன்னால் மிச்சம் இரண்டு கூடு இருக்கிறது, பத்தொன்பதும் இருபத்தேழும், ஓடிப்போய் அந்தக் கொடி இரண்டையும் பிடுங்கிவிட்டால் அதுகளாவது பிழைக்கும். எழுந்து பத்தொன்பது பக்கம் நாலு எட்டு வைத்தாள். பின்னால் சிறகு தட்டும் சத்தம். நின்றாள், சத்தமும் நின்றது. திரும்பினால் அதே காக்காய், ஒரு கட்டு மேல். இன்னும் நாலு எட்டு. அடுத்த கட்டு மேல்.

கூட்டுப் பக்கம் ஆள் வந்தால் தாய் வாத்து சிறகு ஒடிந்த மாதிரி இழுத்து இழுத்து வேறு பக்கம் ஓடுமே, எத்தனை தடவை பார்த்துச் சிரித்திருக்கிறாள், என்னிடமே நடிக்கிறாயாடி என்று. இப்போது பத்தொன்பதுக்கு முதுகைக் காட்டி, வெறும் கோரையாகக் கிடந்த மேட்டுக்கு நடந்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் குனிந்தாள், விலக்கினாள், இல்லாத முட்டையை எண்ணினாள், இல்லாத இறகைப் போர்த்தினாள், வடக்கே பத்தடி அளந்து கையிலிருந்த பதினான்காம் குச்சியை ஊன்றினாள். நிமிர்ந்து, என்றைக்கும் போல் கை வீசி நடந்தாள், திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தெரிந்துவிடும்... முப்பதடி தாண்டினதும் பொறுக்கவில்லை, பார்த்தாள். காக்காய் அந்தக் குச்சி மேல்தான் இருந்தது, துணி காற்றில் அதன் காலடியில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தெற்கே பத்தடியை அது பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து, அவள் அடுத்து எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.