கடைசியாக வருபவளுக்கு ஒரு பரிந்துரை

அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் நிம்மதியாக ஒரு சாண்ட்விச் தின்ன முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாதம் அது. பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆசிரியர்களைத் துரத்துவார்கள். ஆசிரியர்களும் புலம்புகிற சாக்கில் பெருமையடித்துக்கொள்வார்கள்.

"முப்பது கடிதம், பெர்னி! இந்த வருஷம் முப்பது!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டான் ஆல்டன் விட்லாக். ஆங்கில ஆசிரியர். எதிரில் ஏதோ ஒரு பிள்ளை நன்றிக்கு வைத்துவிட்டுப்போன டோனட் பெட்டி. "உனக்கென்னம்மா, விசில ஊதிட்டு வீட்டுக்குப் போயிடுவ."

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் எரிச்சல். நான் பெர்னடெட் கோசிக், இந்த ஒஹையோ ஊர்ப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு பிள்ளைகூட என்னிடம் கடிதம் கேட்டதில்லை. எதிர்பார்க்கவே இல்லை என்றால் பொய். ஒவ்வொரு அக்டோபரிலும் என் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் பந்துக்குக் காற்றடிக்கப் பம்பு கேட்டுத்தான் வருவார்கள்.

அதனால் லவினியா ஸ்ட்ராப் கதவைத் தட்டியபோது, நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பம்பை நீட்டினேன்.

"பம்பு வேணாம் கோச்." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினாள். "எனக்கு ஓர் உறுதியான பரிந்துரைக் கடிதம் எழுதித் தர உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதமா?"

பள்ளி ஆலோசகர் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் வாக்கியம் அது. பிடிக்காத பிள்ளையாக இருந்தால், "அதற்கு நான் சரியான ஆள் இல்லையோ என்னவோ" என்று சொல்லி அனுப்பவேண்டும் என்று எங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் யாரையும் நேராகத் திட்டாமல் காரியம் முடிந்துவிடும்.

நான் சம்மதம் என்றும் சொல்லவில்லை, அதையும் சொல்லவில்லை. "என்னடி, எவனாவது பந்தயம் கட்டி அனுப்பினானா?" என்றேன்.

கேட்டதில் நியாயம் இருந்தது. லவினியா என் வகுப்பின் சாபக்கேடு. ஒரு மைல் ஓட்டம் என்றால் வயிற்றுவலி என்று சீட்டு வரும். ஒருமுறை கால்நடை மருத்துவரிடமிருந்து வந்தது. சீட்டு வராத நாளில், மூச்சிரைப்புக்காரி ஓபல் டன்ஹமோடு கதையடித்தபடி ஊர்வலம் வருவாள். எல்லாரும் குளித்து உடைமாற்றிப் போன பிறகு ஓபல் கோட்டைத் தாண்டுவாள். அவளுக்கு ஓர் அடி பின்னால் இவள். நான் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

"விட்லாக் எழுதறேன்னுட்டார் கோச். ஆனா அதான் பிரச்சினையே."

"பைத்தியமா நீ? அந்தாளு கடிதத்துக்கு அவனவன் டோனட்டோட வரிசையில நிக்கறான்."

"என்னைப் பார்த்ததும், 'உன் பட்டிமன்றப் பேச்சை எப்படிம்மா மறப்பேன், அந்த வயலினை எப்படி மறப்பேன்'னார். எனக்கு வயலினை எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. அது எங்கக்கா மெரிடித்."

மெரிடித் ஸ்ட்ராப். எல்லாப் பரிசையும் வாரிக்கொண்டு போன மகராசி. அவள் படித்து முடித்துப் போன பிறகும் ஆல்டனுக்கு அவள் மட்டும்தான் ஸ்ட்ராப்.

"சரி, நல்ல கடிதம்தானே? வாயை மூடிட்டு வாங்கிக்கோ."

"அப்ப அவளுக்குத்தான் கோச் இடம் கிடைக்கும்." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே மூக்கை உறிஞ்சிச் சமாளித்தாள். "அந்தக் காலேஜ் ஒரு கடிதம்தான் கேக்குது. அதுல நான் இல்லன்னா, அங்க போயும் நாலு வருஷம் அவளா நடிக்கணும். இந்த ஸ்கூல்ல என்னை என் பேரைச் சொல்லித் திட்டுற ஒரே ஆள் நீங்கதான்."

என் வாழ்நாளில் ஒரு பிள்ளை எனக்குச் சொன்ன மிக நல்ல வார்த்தை அதுதான். தலையை ஆட்டினேன். நான் எழுதுவதைப் படித்துப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எல்லாப் பிள்ளைகளும் போடுவதுதான்.

எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? சோம்பேறி என்றா? பொய்ச் சீட்டில் கைதேர்ந்தவள் என்றா? பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, போன வசந்தத்தில் மைதானத்துக்கு வந்த வாத்து நினைவுக்கு வந்தது.

குஞ்சு பொரித்திருந்த பெரிய வாத்து. சிறகை விரித்துக்கொண்டு மொத்த வகுப்பையும் விரட்டியது. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால், மாவட்டப் பதக்கம் வாங்கிய பையனையும் தாண்டி, வாசலைத் தொட்டவள் லவினியா. தொட்டவள் உள்ளே போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்த வழியில் ஓடி, ஓபலின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தக் கால் இருக்கிறவள் எதற்கு ஒவ்வோர் ஓட்டத்திலும் ஓபலுக்கு ஓர் அடி பின்னால் வருகிறாள்?

மறுநாள் நேராகவே கேட்டேன்.

"யாராவது ஒருத்தர் கடைசியா வரணும்ல கோச்," என்று சூயிங்கத்தை மென்றாள். "எனக்கு அது ஒண்ணும் உறைக்காது. ஓபல் வீட்டுக்குப் போய் அழுவா. அவ்ளோதான்."

"அப்ப சீட்டு எதுக்குடி?"

"அவ லீவு போட்ட அன்னிக்கு நான் எதுக்கு ஓடணும்?" சட்டென்று முகம் மாறியது. "இதெல்லாம் எழுதித் தொலைக்காதீங்க. என்னை நல்லவன்னு நெனச்சுக்கப் போறாங்க."

அந்த வாரம் ஆல்டன் ஆசிரியர் அறைக்குள் இடி விழுந்தவன்போல வந்தான். "மெரிடித் என் கடிதம் வேணாம்னுட்டா, பெர்னி!"

"அவ பேரு லவினியா. மெரிடித் அவ அக்கா."

"வயலினைப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டேனே!" டோனட்டைக் கீழே வைத்தான். "சரி, வேற யார்கிட்ட வாங்கறா?"

நான் ஆல்டன் மாதிரியே நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். "அதை ஏன் கேக்கற ஆல்டன், ஒரே வேலை. கடிதம் எழுதியாகணும்."

அவன் சிரிக்கவில்லை. "நெஜமாவா? ஜிம் டீச்சர் கடிதம்னா, வேற எவனும் குடுக்கலைன்னுதான் நெனப்பாங்க. அந்தப் பொண்ணைக் கவுத்துடாத."

அது முள்ளாகத் தைத்தது. அவன் சொன்னதுதான் சரியோ? என் ஆசைக்காக ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போடுகிறேனோ? ஆனால் அவள் என்னிடம் கேட்டது நல்ல பெயரை இல்லை, தன் பெயரை. எழுதினேன். 'லவினியா ஸ்ட்ராப் என் வகுப்பில் எந்த ஓட்டத்திலும் கடைசிக்கு முன்னால் வந்ததில்லை. ஒரு வாத்து துரத்தியபோது தவிர' என்று தொடங்கி, கால்நடை மருத்துவரைக்கூட விடாமல் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு நாள்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் வெளியே பனி கொட்டியது. உள்ளரங்கில் ஓட்டம் வைத்திருந்தேன். கல்லூரி அன்றைக்குத்தான் முடிவு சொல்லும் என்று எனக்கும் தெரியும். கைபேசி கூடாது என்பது என் சட்டம். லவினியா அதைக் கால்சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஓபலோடு நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள். குனிந்து பார்த்தாள்.

பிறகு ஓடினாள். முன்னால் போன எல்லாரையும் ஒவ்வொருவராகத் தாண்டி, அரங்கைச் சுற்றிக்கொண்டு அப்படி ஓர் ஓட்டம். என் மேல் மோதித்தான் நின்றாள்.

"கிடைச்சிருச்சு கோச்! எனக்கு! என் பேரு போட்டிருக்கு!"

என் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். மாவட்டப் பதக்கக்காரன் வாயைப் பிளந்துகொண்டு அவள் கால்களையே பார்த்தான்.

அவள் என் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் ஓபல் இடுப்பில் கைவைத்து, தனியாக, மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள். லவினியா அப்படியே திரும்பி ஓடி, அவளுக்கு ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் மறுபடி ஊர்வலத்தைத் தொடங்கினார்கள்.

விசிலைக் கடித்துத் துப்பிவிட்டு, அரங்கமே அதிரக் கத்தினேன்: "லவினியா ஸ்ட்ராப்! கதையடிச்சது போதும், காலை எட்டிப் போடுடி!"