மேசைமேல் இரண்டு டப்பா

“அப்பாவ இன்னும் புதைக்கக்கூட இல்ல. அதுக்குள்ள அவர் பெட்டியில கை வைக்கிறீங்களே பெரியப்பா,” என்று ப்ரிட்டா போட்ட சத்தம் தெருவைத் தாண்டி என் சமையலறை வரை கேட்டது. கேட்டது என்பதைவிட, கேட்கிற தூரத்துக்கு நான் போனேன் என்பதே நேர்மை. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று, உருளைக்கிழங்கும் சீஸும் அடுக்கிச் சுட்ட தட்டோடு ஹவ்லாண்ட் வீட்டுப் பின்வாசலில் நுழைந்தேன்.

சண்டைக்குக் காரணமான பெட்டி சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. ஐம்பது குழி கொண்ட பச்சை பிளாஸ்டிக் பெட்டி, குழிக்கு ஒரு தோட்டா. ஒவ்வொன்றும் என் நடுவிரலைவிட நீளம். ஆல்டன் ஹவ்லாண்ட் தன் பெரிய மேக்னம் துப்பாக்கிக்காகக் கையாலேயே கட்டியவை. செவ்வாய்க்கிழமை காலை கடைசித் தோட்டாவைப் பெட்டியில் வைத்தவர் அந்த ஸ்டூலைவிட்டு எழவில்லை. எழுபத்து மூன்று வயது, மாரடைப்பு. எங்கள் ஊர் அளவுக்கு அது நல்ல சாவுதான்.

அண்ணன்காரர் வெர்னுக்கு ஒரே பிடிவாதம். சனிக்கிழமை அடக்கம் முடிந்ததும் துப்பாக்கிக் கிளப் மைதானத்துக்குப் போய், ஆயிரம் கெஜத்தில் தொங்கும் இரும்புத் தகட்டை இந்தத் தோட்டாக்களால் மூன்று முறை அடிக்க வேண்டும். தம்பிக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லையாம். பாதிரியாரிடமும் சொல்லிவிட்டாராம்.

“அடுத்தவன் கட்டின தோட்டாவ சுடாதேன்னு பத்து வயசுல எனக்குச் சொல்லிக்குடுத்ததே அப்பாதான். செத்தவங்க தோட்டாவப் பிரிச்சுக் கொட்டிடணும், அதான் முறை,” என்றாள் ப்ரிட்டா.

“அந்த முறையெல்லாம் ரேடியோ கேட்டுக்கிட்டே வெடிமருந்து அளக்கிற கழுதைங்களுக்கு. உங்கப்பன் ஒரு குருணை மருந்து கூடிப்போச்சுன்னா இடுக்கியால எடுத்துப் போடுறவன். கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை ஏன் லேட்டுன்னு உங்கம்மாவக் கேளு. தராசு முள்ளு நிக்கலியாம்.”

கூடத்தில் இருந்த இரண்டொருவர் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஆல்டனின் மனைவி மார்லிஸ் சிரிக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கோப்பையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். மகளும் மைத்துனரும் அவள் முதுகையே பார்த்தார்கள்.

“சனிக்கிழமை பாத்துக்கலாம்,” என்றாள் திரும்பாமல்.

வெர்ன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ப்ரிட்டா கதவை அறைந்துவிட்டுப் போனாள். கல்யாணம் ஒன்றையும் அப்படித்தான் முடித்துக்கொண்டு வந்தவள் அவள்.

மார்லிஸ் கழுவிக்கொண்டே எதை நினைத்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிற்பாடு அவளே சொன்னாள்.

தோட்டா கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறவன்கூட ஒரு விதியைத் தவற மாட்டான்: மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. வேலை முடிந்து அது அலமாரிக்குப் போன பிறகுதான் அடுத்தது கீழே இறங்க வேண்டும். எல்லா மருந்தும் சாம்பல் நிறக் குருணைதான், டப்பாக்களும் ஒரே அச்சு. பெரிய மேக்னத்துக்கு மெதுவாக எரிகிற மருந்து. வயல் எலி சுடுகிற சின்னத் துப்பாக்கிக்குச் சட்டென்று எரிவது. சின்னதன் மருந்தைப் பெரிய கூட்டில் அதே எடைக்குப் போட்டால் துப்பாக்கி வெடிக்கும், பிடித்திருப்பவனின் முகத்தோடு.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் காப்பி ஆறுகிறது என்று மார்லிஸ் நிலவறைப் படியில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. இறங்கிப் போனால், ஆல்டன் தோட்டா அழுத்தும் இயந்திரத்தில் நெற்றியை வைத்திருந்தார். எதையோ கூர்ந்து பார்க்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்றாளாம். நாற்பத்தெட்டு வருஷம் அப்படி நின்று பழகியவள்தானே. தொட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மேசையைப் பார்த்தாள். இரண்டு டப்பா. இரண்டும் மூடி திறந்து.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அதை ஓட்டி வரப்போகும் லைல் துப்பாக்கிக் கிளப் ஆள், மேசையைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வான். அவன் வருவதற்குள் ஒரு டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். மற்ற பெண்கள் செத்த புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார்கள். இவள் இதைச் செய்தாள்.

விஷயம் அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. ஆல்டனுக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாக மறதி. காப்பியில் உப்பைப் போட்டார். நாற்பது வருஷம் ஓட்டிய சாலையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று வண்டியை நிறுத்திக் கேட்டார். மார்லிஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் கீழே போகும்போதெல்லாம் பின்னலை எடுத்துக்கொண்டு இவளும் போய்ப் படியில் உட்கார்ந்தாள். மேல்மாடியில் குளிர்கிறது என்று சாக்கு. அவர் ஒரு டப்பாவை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாரா என்று கண் அவர் கைமேலேயே இருக்கும். அந்த வருஷம் அவள் பின்னியது மொத்தமும் கோணல். எனக்கும் ஒரு கழுத்துத் துண்டு வந்தது. கை நடுக்கம் போலிருக்கிறது, வயசாகிறதே என்று நாலு பேரிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அவள் படியில் இல்லை. தபால் எடுக்க வாசலுக்கு வந்தவளை, பாதிரியார் மனைவி வாங்கிய புதுக் காரைப் பற்றிச் சொல்ல இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தது நான்தான்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து, தேவாலயத்தில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் தண்ணிக் காப்பியும் முடிந்து, பதினேழு வண்டிகள் வரிசையாகக் கிளப் மைதானத்துக்குப் போயின. மார்லிஸ் என் வண்டியில் வந்தாள். வழியெல்லாம் மடியில் கையைக் கோத்தபடி சாலையையே பார்த்தாள். சொன்னால் வெர்ன் பிழைப்பார். சொன்னால், மணி மணியாய் மருந்து பார்த்த ஆல்டன் ஹவ்லாண்ட் இந்த ஊரின் வாயில் மேசையில் இரண்டு டப்பா வைத்த ஆல்டனாக மாறிவிடுவார். எங்கள் ஊரில் ஒருவன் குடித்தான், அடுத்த வீட்டுப் படியேறினான் என்பதெல்லாம் ஒரு அறுவடையோடு மறந்துபோகும். இது மறக்காது.

புல்வெளி மஞ்சளாகக் கிடந்தது. காற்று பக்கவாட்டில் அடித்தது. தூரத்துச் சரிவில் அந்த வெள்ளைத் தகடு உப்புக்கல் அளவுக்குத் தெரிந்தது. எழுபத்தாறு வயது வெர்ன், முட்டி சடசடக்கப் பாயில் குப்புறப் படுத்தார். கிளப் ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதடைப்பானை மாட்டிக்கொண்டார்கள். பாதிரியாருக்கும் ஒன்று கிடைத்தது. ப்ரிட்டா தன் காரைவிட்டு இறங்கவே இல்லை. வெர்ன் பெட்டியின் கடைசி வரிசையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளிப் பூட்டினார்.

மார்லிஸ் நாற்காலியைவிட்டு எழுந்தாள். சாவு வீட்டுச் செருப்போடு சரளைக்கல்லில் தடுமாறி நடந்துபோய், துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எழுந்திரு வெர்ன்.”

“காத்து அடங்குற நேரம் மார்லிஸ். தள்ளி நில்லு.”

“மேசைமேல ரெண்டு டப்பா இருந்துச்சு.”

அவ்வளவுதான். விளக்கம் கேட்க அங்கே ஆள் இல்லை. காதடைப்பானைக் கழற்றியவர்கள் தலையைக் குனிந்தார்கள். மாட்டியிருந்தவர்களுக்குப் பக்கத்து ஆளின் முகமே போதுமாக இருந்தது. பாதிரியார் மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெர்ன் பூட்டைத் திறந்தார். வெளியே வந்த தோட்டாவைத் தரையில் விழவிடாமல் உள்ளங்கையில் வாங்கினார். எழுந்திருக்க லைல் கை கொடுக்க வேண்டியிருந்தது.

“நீ எப்பப் பாத்த?”

“நான்தான் ஒண்ண எடுத்து அலமாரியில வெச்சேன்.”

“எவ்ளோ நாளா?”

“போன வருஷம் அறுவடையிலேர்ந்து.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா அவர அந்த மேசையில உக்கார விட்டிருப்பியா?”

 தோட்டாவைக் கால்சட்டைப் பையில் போடப் போன வெர்ன், நிறுத்தி, பெட்டியில் அதன் குழியிலேயே வைத்து மூடி அவளிடம் கொடுத்தார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. விஷயம் காதில் விழுந்து காரைவிட்டு இறங்கிய ப்ரிட்டா, அம்மாவுக்காக அதன் முன் கதவைத் திறந்து பிடித்தாள். வாதத்தில் ஜெயித்தவள் அவள்தான். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு வருஷமாக வாரம் தவறாமல் போனில் அப்பாவோடு பேசியவள், ‘அப்பா இப்பல்லாம் பேசறதே இல்ல, நான் சொல்ற கதை கேக்கத்தான் பிடிக்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

திங்கட்கிழமை மதியம் மார்லிஸ் கார் கொட்டகையைத் திறந்து வைத்துக்கொண்டு தோட்டாக்களைப் பிரித்தாள். சுத்தியல் மாதிரி ஒரு கருவி, அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகிக் கட்டைமேல் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று வரும். வெர்ன் உதவிக்கு வந்தார், திருப்பி அனுப்பிவிட்டாள். என்னையும் கூப்பிடவில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தட்டுவாள், உள்ளங்கையில் கொட்டி வெளிச்சத்தில் பார்ப்பாள், கிண்ணத்தில் போடுவாள். ஐம்பது முறை.

சாயங்காலம் வெர்ன் போனில் என்னிடம்தான் கேட்டார், என்ன தெரிந்தது என்று. நான் கண்ணாடி போடவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. முதல் முப்பத்திரண்டு தோட்டாக்கள் ஒரு கிண்ணத்தில் போயின, மீதிப் பதினெட்டும் வேறு கிண்ணத்தில்.

ஆச்சரியம் என்னவென்றால், ஊரில் யாரும் இதைப் பேசவில்லை. கடையில் நானே இரண்டு முறை தூண்டில் போட்டுப் பார்த்தேன், எல்லோரும் மழையைப் பற்றிச் சொன்னார்கள். அதற்கு மேல் நானும் போடவில்லை.

வெர்ன் அந்தக் குளிர்காலத்திலேயே வீட்டை விற்றுவிட்டு அரிசோனா போய்விட்டார், முட்டிவலிக்கு அங்கேதான் நல்லதாம். ப்ரிட்டா அடுத்த ஜூனில் லைலைக் கட்டிக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரனுக்கு வாக்கப்பட்டவள் இனி தைரியமாகச் சண்டை போடலாம் என்றேன், நேரிலேயே. மார்லிஸ் வீட்டை அவர்களுக்கே விட்டுவிட்டு பில்லிங்ஸ் நகரத்தில் ஒற்றை அறைக் குடியிருப்புக்குப் போனாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. ஒரே ஜன்னல், அதற்கு எதிரே கைநீட்டினால் தொடுகிற மாதிரி பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர். மலை தெரிகிற பக்கம் காலியாக இருந்ததாம், பார்த்துக்கொண்டிருக்க எதுவும் வேண்டாம் என்று இவள்தான் இதைக் கேட்டு வாங்கினாளாம். நாற்காலியைச் சுவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நான் பேசியதற்கெல்லாம் தலையாட்டினாள். பின்னல் நேராக வந்துகொண்டிருந்தது.