செத்தவள் கொண்டுவந்த நூல்

ஒரே காலைப்பொழுதில் மூன்று முறை என்னைப் பிணமென்று தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்தார்கள். மூன்று முறையும் நான் உயிரோடுதான் இருந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்று கத்திக்கொண்டேதான் போனேன்.

நான் எறும்பு. எனக்கு ஆறு கால். ஆறும் ஓரிடத்தில் நில்லா. அதனால் வீட்டில் என்னை ‘அலைச்சல்’ என்று அழைத்தார்கள். எங்கள் வீடு ஒரு தையல் கடையின் சன்னலுக்குக் கீழே சுவரில் ஓடிய விரிசல். கடைக்குள் ஒரு வாசல். அங்கே இரவும் பகலும் காவல்காரி நிற்பாள். தெருப்பக்கம் இன்னொரு வாசல். இறந்தவர்களை அதன் வழியாகத்தான் வெளியே கொண்டுபோவோம். அந்தப் பிணவாசலுக்குக் காவல் கிடையாது. செத்தவர் திரும்பி வருவார் என்று எவர் காவல் வைப்பார்?

எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. செத்த வாடை வீசுவது செத்தது. அதைத் தூக்கு, குப்பைமேட்டில் போடு, திரும்பிப் பாராதே. இந்தச் சட்டத்தை எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று காலைவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

அன்று காலை நான் தையல் இயந்திரத்தின் மேல் இரை தேடிக்கொண்டிருந்தேன். தையற்காரியும் அவளுடைய தம்பியும் பேசினார்கள். தம்பி கொத்தனார். மனிதர் பேச்சு எங்களுக்குக் கால் வழியே கேட்கும். இரும்பு அதிர்ந்தால் சொல் ஒவ்வொன்றும் உடம்பில் ஏறும். வாடிக்கையாளர் ஒருவரின் சட்டைப்பையிலிருந்து எறும்பு ஊர்ந்து வந்ததாம். எறும்பையும் சேர்த்தா தைத்தாய் என்று கேட்டுவிட்டாராம். தையற்காரி பொரிந்து தள்ளினாள். கொத்தனார் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

“மணல் சலிக்கிற நேரந்தான்க்கா. தண்ணி ஊத்தி நனைச்சு, உள்ள ஒருக்கா, வெளிய ஒருக்கா கலவைய அடைச்சா முடிஞ்சுது. உள்ள இருக்கிறது உள்ளயே கிடக்கட்டும்.” பிறகு மூக்கைச் சுருக்கினார். “மெஷினுக்குச் சமையல் எண்ணெயா ஊத்துற? கெட்டு நாறுது. இனிமே துணியத் தாளிச்சுத்தான் குடுப்ப போல.”

உள்ளே தொட்டில் அறையில் நூறு தங்கைகள் கூட்டுப்புழுக்களாய்த் தத்தம் கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றோ நாளையோ விழிக்க வேண்டியவர்கள். உள்ளேயே கிடப்பதா? பதறி ஓடினேன்; கால் இடறியது; இயந்திரத்தின் அடித்தட்டில் தேங்கியிருந்த அந்தக் கெட்ட எண்ணெயில் தலைகுப்புற விழுந்தேன். தத்தளித்துக் கரையேறி வீட்டை நோக்கிப் பறந்தேன்.

காவல்காரி தன் உணர்கொம்பால் என்னைத் தொட்டாள். தொட்டவள் தீப்பட்டவள்போல் பின்வாங்கிப் பிணந்தூக்கி அக்காவைக் கூப்பிட்டாள். கெட்டுப்போன அந்த எண்ணெய்க்கும் எங்கள் சாவுக்கும் ஒரே வாடை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, நான் சாகலக்கா. நம்ம வீட்டை அடைக்கப் போறாங்க, புள்ளைங்கள வெளிய எடுங்க,” என்றேன்.

பிணந்தூக்கி என் இடுப்பைக் கவ்வினாள். “நான் தூக்குனதுல பாதிப் பேர் இதைத்தான் சொன்னாங்க. பேசாம வா.”

பாதிப் பேர்! சுமந்து செல்லப்பட்ட வழியெல்லாம் அந்தச் சொல் என்னைக் குத்தியது. எத்தனை பேர் கால் உதைத்திருப்பார்கள்? எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்? வாடையை முகர்ந்தவர்கள், வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்கவில்லையே!

குப்பைமேடு சன்னலின் வெளிவிளிம்பில் இருந்தது. துணி வெட்டுகளும் உமியும் குவிந்த இடம். எறிந்த வேகத்தில் எழுந்து ஓடினேன். இரண்டாம் முறையும் காவல்காரி, இரண்டாம் முறையும் பிணந்தூக்கி. மூன்றாம் முறை உடம்பை மண்ணில் புரட்டித் தேய்த்துக்கொண்டு போனேன், வாடை போகவில்லை. முற்றத்தில் சல்லடை அசையும் ஓசை சர்சர்ரென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் முறை என்னைப் போட்டுவிட்டு, பிணந்தூக்கி இன்னொரு சுமையையும் பக்கத்தில் போட்டாள். அது ஓர் உமித்துண்டு. வாசலில் என்மேல் உரசி எண்ணெய் பட்ட வெறும் உமி. அதையும் பிணமென்று மரியாதையாகத் தூக்கி வந்திருந்தாள்.

உமியைப் பார்த்தபடி ஒரு நொடி அசையாமல் நின்றேன். என் வாழ்நாளில் நான் நின்றது அந்த ஒரு நொடிதான். உயிர் உள்ளதா இல்லையா என்பது இவர்களுக்குக் கேள்வியே அல்ல; வாடை பட்டதை வெளியே எடுப்பார்கள். நல்லது. எடுக்கட்டும்!

சன்னல் வழியே இயந்திரத்துக்குத் திரும்பினேன். தையற்காரி மிதிக்கத் தொடங்கியிருந்தாள். தட்டு குலுங்கியது, ஊசி என் முதுகுக்குப் பின்னால் இறங்கி ஏறியது, ஒரு மயிரிழை தவறியிருந்தால் யாரோ ஒருவரின் காலர் மடிப்பில் நான் முடிந்திருப்பேன். அறுந்து கிடந்த ஒரு நூல் துண்டைக் கவ்வி எண்ணெயில் ஊறவைத்தேன். என்னைப்போல் பத்து மடங்கு நீளம். இழுத்தேன். பற்கள் நோவ, பின்னோக்கி நடந்து, சன்னல் விளிம்பைத் தாண்டிப் பிணவாசலுக்குள் இழுத்தேன்.

சல்லடையின் ஓசை நின்றிருந்தது. இப்போது கலவையைப் புரட்டும் ஓசை.

தொட்டில் அறையில் தாதிகள் என்னைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினார்கள். செத்தவளைத் தொட்டால் தீட்டு. அந்த ஒதுக்கமே எனக்குப் பாதையாயிற்று. தடுக்க ஒருத்தியும் நெருங்கவில்லை. நூலை வரிசை வரிசையாகக் கூடுகளின் மேல் இழுத்துச் சென்றேன். நூறு தங்கைகளும் சாவாய் மணந்தார்கள்.

பிணந்தூக்கி வந்தாள். எதை முதலில் தூக்குவதென்று தெரியாமல் விழித்தாள். பிறகு வீடு முழுவதையும் கூப்பிட்டாள். தாதிகள் அழுதுகொண்டே, தாங்கள் வளர்த்த பிள்ளைகளைத் தாங்களே சுமந்து பிணவாசலுக்குப் போனார்கள். அந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் நான் சொன்னால் கேட்பார்களா?

அம்மாவின் அறைக்கு நூலை இழுத்தேன். எங்கள் எல்லோரையும் பெற்றவள். அந்த அறையை விட்டு ஒருநாளும் வெளியே வராதவள். அவளைப் பெறச் சொன்ன வீடு, பேசச் சொன்னதில்லை.

“அலைச்சலா? என்னடி கொண்டுவந்திருக்க?”

“அம்மா, கொஞ்ச நேரம் செத்துப்போனவளா இரும்மா. வெளிய போனதும் பொழைச்சுக்கலாம்.”

அவள் என்னை நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு தானே முதுகைத் தாழ்த்தினாள். பெற்றவளின் மேல் சாவைப் பூசினேன். பன்னிரண்டு பேர் அவளைச் சுமந்தார்கள்.

கடைப்பக்க வாசலில் தண்ணீர் வந்தது. முதலில் துளி; அடுத்து ஓடை. காவல்காரி மட்டும் நகரவில்லை. காவல் வாசலை விட்டு அகலக்கூடாது என்பதும் சட்டமே. கெஞ்ச நேரமில்லை, நூலின் நுனியால் அவள் முகத்தில் ஓர் அடி அடித்தேன். பின்னால் வந்த பிணந்தூக்கி அவளைக் கவ்வித் தூக்கினாள்.

“விடுடி, நான் சாகலடி!” என்று அவள் கத்தினாள்.

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க,” என்றாள் பிணந்தூக்கி. ஆனால் இம்முறை அவள் குரல் இடறியது.

கொத்தனாரின் கரணை சுவரில் உரசும் ஓசை. காவல்காரி நின்ற இடத்தைச் சாம்பல்நிறக் கலவை விழுங்கியது. அது எங்கள் பின்னாலேயே அறை அறையாய் நெருக்கி வந்தது. ஓடினோம். பிணவாசலில் வெளிச்சம் அடித்தது. கடைசியாக நான் வெளியே விழவும், கொத்தனார் சட்டியோடு தெருப்பக்கம் வரவும் சரியாக இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். “அக்கா, எல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு ஏற்கெனவே வெளிய நிக்குது. நீ ஏதாவது முன்கூட்டியே சொல்லி வச்சியா?” சிரித்தபடியே வாசலை அடைத்துவிட்டுப் போனார்.

குப்பைமேட்டில் நாங்கள். சுமந்தவர், சுமக்கப்பட்டவர், தாதி, காவல்காரி, அம்மா என எல்லோர் மேலும் எண்ணெய் பட்டுவிட்டது. எல்லோரிடமும் ஒரே வாடை. பிணந்தூக்கி ஒவ்வொருத்தியாய் முகர்ந்து போனாள், தன் காலையே முகர்ந்தாள், உறைந்துபோனாள். சட்டப்படி அவள் தன்னையும் தூக்கி எறிய வேண்டும்.

அவள் காலடியில் ஒரு கூடு கிழிந்தது. வெளுத்த சிறு கால் ஒன்று வெளியே நீண்டு காற்றைத் துழாவியது. தாதிகள் தீட்டை மறந்து பாய்ந்தார்கள்.

பிணந்தூக்கி மெல்ல என்னிடம் வந்தாள். கவ்வ வரவில்லை, உணர்கொம்பைத் தாழ்த்தி நின்றாள். எங்கள் குலத்தில் அதுவரை எவரும் எவரையும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

“அலைச்சல், நீ உயிரோட இருக்கியா?”

“இருக்கேன்க்கா. நகருங்க, இருட்டுறதுக்குள்ள வீடு தேடணும்.”

அவள் நகரவில்லை. திரும்பி, குப்பைமேட்டின் அடியில் என்றோ தான் எறிந்தவர்கள் கிடந்த பக்கம் போனாள். அங்கே ஒவ்வொருத்தியிடமும் குனிந்து, அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனாள்.