கூடிப் பேசும் டூலெட் போர்டுகள்

வேலன் நகரில் வாடகையை வீட்டுக்காரர்கள் வைப்பதில்லை. டூலெட் போர்டுகள்தான் வைக்கின்றன. ஆள் குடியிருக்கும் வீட்டுக் கேட்டிலும் போர்டு தொங்கும். காலை ஆறு மணிக்கு அவை இறங்கிப் போய்ப் பால் பூத் பக்கம் கூடிப் பேசும். திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும்போது எல்லாவற்றிலும் ஒரே தொகை இருக்கும். மழைக்கு ஒழுகும் வீடும் ஒன்றுதான், கிரானைட் தரை போட்ட வீடும் ஒன்றுதான்.

மேகலா குடியிருந்தது ஒழுகும் வீடு. மகள் பிளஸ் டூ படிக்கும் பள்ளி பின்தெருவிலேயே இருந்ததால் ஒன்பது வருடமாகப் பொறுத்துக்கொண்டாள். ஆனி மாதக் கடைசியில் பதினாலாயிரம் திடீரென்று பத்தொன்பதாயிரமானது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று போர்டுகளுக்குத் தெரியும். அந்த அளவுக்குக் கொழுப்பு.

"நான் ஒன்னும் ஏத்தலம்மா. போர்டு சொல்லுது, வாங்கிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர் சபாபதி. வாங்கிக்கொள்ள மட்டும் அவருக்குக் கை இருந்தது.

மேகலா வாடகைக் குறைதீர் அலுவலகத்துக்குப் போனாள்.

"ஓனருங்க கூடிப் பேசினாங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், போர்டுங்கதான் பேசுது."

"போர்டு பேசக்கூடாதுன்னு சட்டம் இல்லையேம்மா."

மேகலா திரும்பி வந்து குடியிருப்போர் பதினேழு பேரைக் கூட்டினாள். பதினாலாயிரத்துக்கு மேல் தருவதில்லை என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று, நகலை அதிகாரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

மறுநாளே அவர் நோட்டீஸோடு வந்தார். "நீங்க எல்லாரும் கூடிப் பேசினீங்களா?"

"பேசினோம் சார்."

"அதுதாம்மா குற்றம்."

ஆடி ஐந்தாம் தேதி மேகலா வீட்டைக் காலி செய்தாள். இனி மகள் இரண்டு பஸ் மாறித்தான் பள்ளிக்கு வர வேண்டும். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும் முன்பே போர்டு கேட்டிலிருந்து இறங்கி உள்ளே குடிவந்துவிட்டது. போர்டுகளுக்கு ஆடி கிடையாது. சபாபதி வாசலில் நின்று வாடகை கேட்டார். அதை நாளைக் காலை பூத் பக்கம் பேசித்தான் சொல்ல முடியும் என்றது போர்டு. அவர் சரி என்று தலையாட்டினார்.

பிறகு அது அவளுடைய சமையலறையில் பால் காய்ச்சி, அக்கம்பக்கத்தாரை அழைத்தது. மேகலாவையும் அழைத்தது. அவள் வண்டியை நிறுத்திவிட்டுப் போய், நின்றபடியே ஒரு டம்ளர் குடித்தாள்.

"சர்க்கரை பத்தல" என்றாள்.

போர்டு அதைத் தன் மேல் குறித்துக்கொண்டது. மறுநாள் காலையிலிருந்து வேலன் நகரில் எந்த வீட்டுப் பாலிலும் சர்க்கரை பத்தவில்லை.