வல்லரசின் வாசலில் ஒரு இருமல் மிட்டாய்

என் வீட்டுக்காரருக்கு எதைக் கண்டாலும் ரோமாபுரி விழுந்த கதைதான் ஞாபகத்துக்கு வரும். பிஸ்கட் பாக்கெட் இளைத்துப்போயிருந்தால், "பாத்தியா, ரோம்ல இப்படித்தான் வெள்ளிக்காசுல வெள்ளியக் குறைச்சான். அங்க ஆரம்பிச்சது சரிவு" என்பார். தெருவிளக்கு எரியவில்லையா, ரோம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, அதுவும் ரோம். வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பிள்ளைகள் தப்பித்து ஓடிவிடலாம். எனக்கு மணி அடிக்க யாரும் இல்லை.

கதை எங்கே தொடங்கினாலும் உலகத்தை ஆட்டிப்படைக்கும் அந்த வல்லரசில்தான் வந்து நிற்கும். செய்தியில் அதன் பெயர் கேட்டால் போதும், நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். அங்கே தலைவர்கள் அடித்துக்கொண்டால், "ரோம்ல அம்பது வருஷத்துல இருபது சக்கரவர்த்திக்கு மேல மாறினாங்க. இதெல்லாம் ஜுஜுபி." எல்லையில் சுவர் என்றால், "அவனும் கட்டினான். என்ன ஆச்சு? இப்ப அதுமேல ஆடு மேயுது." தெருவில் அவருக்குச் 'சாம்ராஜ்யம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. பெருமை என்றே சந்தேகப்படுகிறேன்.

நானும் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுக்கொண்டிருந்தேன், அதே வல்லரசில் எங்கள் ஒரே மகள் மாசமாகிப் படுக்கையில் விழும்வரை. இரட்டைக் குழந்தை. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போனால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. "நல்லாத்தான் இருக்கேம்மா" என்பாள். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். லைனில் ஒருத்தர் பேசாமல் இருப்பதற்கும் அழுகையை அடக்கிக்கொண்டு பேசாமல் இருப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அன்றைக்கே விசாவுக்கு விண்ணப்பம் போட்டோம்.

எதிர்வீட்டுக்காரர் போன மாதம்தான் விசா மறுக்கப்பட்டு வந்திருந்தார். "சொர்க்கம் மாதிரி நாடுன்னு புகழ்ந்து தள்ளினேன். ரெண்டே நிமிஷத்துல கையில பாஸ்போர்ட்ட குடுத்து அனுப்பிட்டான்" என்று புலம்பினார். புகழ்ந்த மனிதருக்கே இந்தக் கதி என்றால் எங்கள் சாம்ராஜ்யத்துக்கு?

மகளும் போனில் கெஞ்சினாள். "அப்பாவ வாயத் திறக்க விடாதம்மா. ஒருத்தர் சொதப்பினாலும் ரெண்டு பேருக்கும் கிடைக்காது."

அதனால் தூதரக வாசலில் வைத்து அவர் வாயில் ஒரு இருமல் மிட்டாயைப் போட்டேன். பெரிய சைஸ்.

"இது கரையுற வரைக்கும் பேசக் கூடாது. கேட்டா தொண்டை சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன்."

"ஏன், நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைங்க சொன்னா கேக்குங்க."

உள்ளே போனால், வரிசையில் ஒரு நாற்காலிக்குக் கால் ஆடியது. அவர் அதை ஆட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் மிட்டாய் இருந்ததால் பிழைத்தேன்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி. இளவயசு, தூக்கமில்லாத கண்கள். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். எனக்கு அவர்கள் பாஷை ஓரளவு புரியும், வேலை அப்படி. என் வீட்டுக்காரருக்கும் புத்தகம் படித்துப் புரியும், பேசத்தான் தடுமாறுவார். எதற்குப் போகிறீர்கள் என்றதும் மகள், இரட்டைக் குழந்தை, படுக்கை என்று நான் கடகடவென்று ஒப்பித்தேன். அதிகாரி தலையாட்டினார். இவ்வளவுதானா என்று மூச்சு விட்டேன்.

"சார் என்ன வேலை பாத்தீங்கன்னு கேக்குறார்" என்றாள் அந்தப் பெண்.

"வரலாற்று வாத்தியார். தொண்டை சரியில்ல" என்றேன்.

அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. தனக்கும் வரலாறு பிடிக்கும், கல்லூரியில் அதைத்தான் படித்ததாகச் சொல்லி, எந்தக் காலம் உங்களுக்குப் பிடிக்கும் என்று நேராக அவரையே கேட்டார்.

பக்கத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். மிட்டாயைக் கடித்துவிட்டார்.

"ரோமாபுரி. குறிப்பா, அது விழுந்த காலம்."

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அப்படியா, என்ன சுவாரசியம் அதில் என்றார் அதிகாரி. அவ்வளவுதான், மடை திறந்தது. காசு செல்லாக்காசானது, கூலிப்படையை நம்பியது, ஆளுக்கு ஆள் சக்கரவர்த்தி ஆனது எல்லாம் வந்தது. "இப்ப உங்க நாட்டுலயும் அச்சு அசலா அதேதான் நடக்குது. இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொல்லுங்கம்மா."

அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். என்னையும் பார்த்தாள். புண்ணியவதி, அதிகாரி பக்கம் திரும்பி, "ரோம் மாதிரி உங்கள் நாடும் மகத்தான நாடு, அங்கே வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார்" என்று சொன்னாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆனால் அதிகாரியின் சிரிப்பு சுருங்கியது. ஒரே மகளும் அங்கேதானே இருக்கிறாள், அவ்வளவு பிடித்திருந்தால் திரும்பி வர மனம் வருமா என்று கேட்டபடி எங்கள் பாஸ்போர்ட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தார். அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் ஏன் திருப்பி அனுப்பப்பட்டார் என்று எனக்கு உறைத்தது. சொர்க்கத்துக்குப் போகிறவன் எவனாவது திரும்பி வருவானா? படுத்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் மகள்.

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?" என்று என் வீட்டுக்காரர் அந்தப் பெண்மேல் பாய்ந்தார். பரீட்சைத் தாளைத் திருத்துகிற அதே குரல். பிறகு கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து, திக்கித் திக்கி, அவர்கள் பாஷையிலேயே அதிகாரியிடம் சொன்னார்:

"தப்பு. மொழிபெயர்ப்பு தப்பு. உங்க நாடு விழுது. விழுற வீட்டுல எவனாவது குடியிருப்பானா? பிரசவம் முடிஞ்சதும் அடுத்த விமானத்துல நான் கிளம்பிடுவேன். நீங்க இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டேன்!"

மொழிபெயர்க்கும் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கவுன்ட்டரில் பேச்சு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கேட்டது சிரிப்புச் சத்தம். அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து திரும்பி வருவேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இன்றைக்குத்தான் ஒருவரை நம்புகிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் எப்படி என்றார்.

"இவர அங்க தனியா விட்டா உங்க நாடு இன்னும் சீக்கிரம் விழுந்துடும். நானே கூட்டிட்டு வந்துடுறேன்" என்றேன். இதை அந்தப் பெண் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னாள். விசா கிடைத்தது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இந்தத் தடவை அவள் அழுகையை அடக்கவில்லை. ஜெயித்த ஜோரில் அவர் தெருவையே கூட்டுவார் என்று பார்த்தால், சத்தமே இல்லை. இன்னொரு மிட்டாயை உரித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மறுபடியும் தொண்டையா?"

"இல்ல. புள்ளைங்க அங்கதான பொறக்கப்போகுது. அந்த ஊர்க் குடிமக்களாத்தான வளரும்."

"ஆமா."

"நான் இத்தனை வருஷமா சொன்னதெல்லாம் தப்பா இருக்கணும்டி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையிலிருந்த மிட்டாயை வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.