சத்தியம் செய்து மூன்று மாதம்

ஒக்டோபரில், வுப்பர்டால் நகரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவன் அந்தப் படத்தை அனுப்பி, இது நீங்கள்தானா என்று கேட்டிருந்தான். பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் கஜந்தி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். முகம் அவளுடையது, ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது எடுத்தது. நிர்வாண உடம்பு அவளுடையதல்ல. அதற்குப் பிறகு கதவைத் திறந்த ஒவ்வொரு ஆணும் அதைப் பார்த்துவிட்டு வருபவனாகவே தெரிந்தான்.

செய்தவன் பெரியம்மாவின் மகன் சுரேன். யூலையில் பிடிபட்டபோது குடும்பம் கூடியது. சாமிப்படத்தின் முன் விளக்கைத் தொட்டு, தானே கணினியில் அந்தப் படத்தைச் செய்ததாகவும், இரண்டு நண்பர்களுக்குத்தான் அனுப்பியதாகவும், இனிச் செய்யமாட்டேன் என்றும் சத்தியம் செய்தான். எல்லாருடைய கைபேசியிலும் படத்தை அழித்தார்கள். பெரியம்மா தேத்தண்ணி கொடுத்தார். விஷயம் முடிந்தது என்றார்கள்.

கஜந்தி தேடிப்போன வழக்கறிஞர் யூலியா நாட்காட்டியைப் பார்த்தார். படத்தைப் பரப்பியதற்கு அவனைத் தண்டிக்க வேண்டுமென்றால், செய்தவன் இன்னார் என்று அறிந்த மூன்று மாதத்துக்குள் கஜந்தியே எழுத்தில் கேட்க வேண்டும். அறிந்தது சத்தியம் செய்த அன்று. நாளையோடு தவணை முடிகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். புதிதாக வந்ததையாவது அழிக்கவேண்டாம், மிஞ்சிய ஆதாரம் அதுதான் என்றார்.

அம்மா கலாதேவி இரவு முழுக்க மன்றாடினார். சுரேனின் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடக்கிறது, வழக்கென்றால் அது நின்றுவிடும்.

"அக்கா இனி என்ரை வாசல் மிதிக்க மாட்டா, பிள்ளை."

"எனக்கு ட்ராமிலை ஏற ஏலாமல் கிடக்கு அம்மா."

மறுநாள் காவல் நிலையத்துக்கு அம்மாவும் கூட வந்தார். அவனைத் தண்டிக்கக் கேட்கும் மனுவில் கஜந்தி கையெழுத்திட்டாள். அவன்தான் என்று எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டாள். ஒப்புக்கொண்டான் என்றாள் கஜந்தி. அவன் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் இருக்கிறார்களா என்றாள் அதிகாரி.

கஜந்தி கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே நீள மர வாங்கில் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா இல்லையென்று சொன்னால், அன்று விளக்கின் முன் நின்ற மீதி ஆறு பேரும் இல்லையென்றுதான் சொல்வார்கள்.

அதிகாரி போய்க் கேட்டாள்.

"அக்காவுக்கு நான் இண்டையோட செத்தவள்," என்று அம்மா தமிழில் மெல்லச் சொன்னார்.

பிறகு எழும்பி உள்ளே வந்து, தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தான் பக்கத்தில் நின்றது, அவன் சொன்னது, எந்த நாள், எத்தனை மணி. அதிகாரி எழுதி முடிக்கும்வரை மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.