கோடி வாய்க்காலில் ராகி

கெலமங்கலத்துக்கு மேற்கே எங்கள் நிலத்தில் இருந்த மண் அணை என் கணவர் கட்டியது. அவர் போன பிறகு அதன் தண்ணீருக்கு நான்தான் பொறுப்பு. அணை நிறைந்து மிச்சத் தண்ணீர் வழியும் இடத்தைக் கோடி என்போம். மூன்று வருடம் மழை பொய்த்ததில் கோடி ஒருமுறைகூடப் போகவில்லை. காய்ந்து கிடந்த கோடி வாய்க்காலில் விதைத்துக்கொள்ளும்படி, பண்ணையில் வேலை செய்த ராமப்பனிடம் ஐம்பத்து மூன்றாம் வருடம் நானே சொன்னேன். அன்று முழுவதும் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில், அவனுடைய ராகி கதிர் முற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் வாசலில் வந்து நின்றான்.

"தூம்பத் தொறந்து உட்டுடலாம்மா. கொஞ்சங் கொஞ்சமா வடிஞ்சுடும்."

தூம்பு என்பது அணையின் மதகு; அதில் வரும் தண்ணீர் என் வயலுக்குத்தான் போகும். நட்டு நான்கு நாள் ஆகாத நாற்று அழுகிவிடும்.

"மழை விட்டுடும் ராமப்பா" என்றேன்.

பின்னால் நின்ற அவன் மனைவி கெம்பம்மா சிரித்தாள். "மழ அம்மாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் பெய்யுதாட்டம்."

அந்தச் சிரிப்பால்தான் பிடிவாதம் பிடித்தேனோ என்று பின்னால் யோசித்திருக்கிறேன். இல்லை. என் நாற்றுக்காகத்தான்.

நான்காம் நாள் காலை கரையின் நடுவில் விரிசல் கண்டது. இனித் தூம்பு மட்டும் போதாது. கூடுதலாகத் தேக்குவதற்காகக் கோடியில் புல்கட்டியும் மண்ணும் வைத்து உயர்த்தியிருந்தோம். அதை வெட்டினால் ராமப்பனின் ராகி போகும். வெட்டாவிட்டால் கரை உடைந்து என் வயல் போகும், அணையும் போகும்.

அணைக்கு உடையவர் முதல் வெட்டு வெட்டாமல் எங்கள் பக்கத்தில் யாரும் கோடியில் கை வைக்க மாட்டார்கள். ராமப்பன் மண்வெட்டியை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கீழே கதிர்கள் நனைந்து தலை சாய்ந்து நின்றன. வெட்டவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவனே முன்வரட்டும் என்று என் மனம் காத்திருந்தது. அப்படிக் காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"இன்னும் எட்டு நாளு உட்டிருந்தா அறுத்திருப்போம்" என்றான், கதிர்களைப் பார்த்தபடி. பிறகு, "குடுங்கம்மா" என்று மண்வெட்டியை வாங்கித் தானே வெட்டினான்.

செம்மண் தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கியது. மதியத்துக்குள் அங்கே மணல் மட்டும் கிடந்தது. கரை நின்றது. என் நாற்றும் நின்றது.

மழை விட்டதும் என் குதிரிலிருந்து இரண்டு மூட்டை ராகி எடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராமப்பன் இறக்கி வைத்தான். கெம்பம்மா மூட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நீங்க வெட்டியிருந்தா உங்கள நாலு வார்த்த வஞ்சிருப்பேன்மா, மனசு ஆறியிருக்கும். எம் புருசனே வெட்டிட்டான். இப்ப யார வையறது?"

என்னை வைதுகொள் என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்காரனிடம் மாட்டைத் திருப்பச் சொன்னேன்.